நான்கு முறை ‘இல்லை’ என்று சொன்னேன்

“வேற ஏதாவது மருந்து, மாத்திரை, பழக்கம் இருக்காம்மா?” இந்தக் கேள்வியை என்னிடம் நான்கு முறை கேட்டார்கள். முதல் முறை, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பப் பதிவு போட்ட அன்று. இரண்டாவது முறை, ஐந்தாம் மாத செக்கப்பில். மூன்றாவது முறை, ரத்தம் போய்க்கொண்டிருந்த விடியற்காலையில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி. நான்காவது முறை, பிள்ளை பிறந்த மறுநாள் குழந்தை டாக்டர் கேட்டார். நான்கு முறையும் இல்லை என்றேன். ஐந்தாவது முறை யாரும் கேட்கவில்லை, நானேதான் போய்ச் சொன்னேன். அதற்குள் என் பிள்ளையின் முதுகில் ஊசி இறங்கியிருந்தது.

பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டைதான் ஊர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, கொரோனா நேரத்தில் போய்விட்டார். நான் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் கல்யாண மண்டபங்களில் பெண்ணுக்குத் தலை பின்னி, புடவை கட்டிவிட்டுத் தொடங்கியவள், போகப் போகப் பெரிய நிகழ்ச்சிகளுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கப்பலில் வேலை, போனால் ஏழு எட்டு மாதம் வர மாட்டார். கொக்கைன் என்ற பொடி எனக்கு அப்படிப் போன இடத்தில்தான் பழக்கமானது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடசென்னைக்காரி போதை என்று சொன்னால் படிக்கிறவர் மனசில் உடனே ஒரு சந்து, நாலு பையன்கள் என்று ஒரு படம் ஓடும். எனக்கு அதை நீட்டியது எங்கள் ஏரியா ஆள் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணை வீட்டில், விருந்துக்கு வந்த, என்னைவிட நன்றாகப் படித்த ஒரு பெண். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குக் கண் சொருகியது, அவள் “இது எடுத்தா ஃப்ரெஷ் ஆயிடுவ” என்றாள். முதலில் சும்மா கிடைத்தது. பிறகு காசு கொடுத்து வாங்கினேன். ஒரு வருடத்தில் எழுபது எண்பதாயிரம் போயிருக்கும். கணக்கு வைத்துக்கொண்டா எடுப்பார்கள்?

கர்ப்பம் என்று தெரிந்தபோது பதினொரு வாரம் ஆகியிருந்தது. நாள் தள்ளிப்போனதைத் தூக்கமில்லாத வேலை மேல் பழி போட்டுவிட்டு இருந்தேன். தெரிந்த அன்றே நிறுத்தினேன். அடுத்த இரண்டு வாரம் எழுந்திருக்க முடியாத தூக்கம், அகோரப் பசி, காரணமே இல்லாமல் அழுகை. மசக்கை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ராத்திரி போனில் தேடிப் பார்த்தால், இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் மூளை வளராது, பள்ளிக்கூடம் போகாது, ஒரு தலைமுறையே நாசம் என்கிற மாதிரி அமெரிக்கச் செய்திகள். அதைப் படித்துவிட்டு, நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் போலீஸ் வரும், மாமியார் வீட்டுக்குத் தெரியும், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மனசுக்குள் ஒரு படமே ஓட்டினேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதற்குப் பலன் உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது. கொக்கைன் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிற பொருள். தாய் எடுத்தால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும், கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தமும் குறையும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்த ஆபத்து புதிதாக வரும், எடுக்காத ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். அதை உடனே நிறுத்தலாம், நிறுத்துவதால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் சில பேர் வலி மாத்திரையைப் போதைக்கு எடுக்கிறார்களே, அந்த அபின் வகை மாத்திரைக்குப் பழகியவர்கள் கர்ப்பத்தில் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதை டாக்டர் கையில் விட்டு, மாற்று மருந்தோடுதான் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து யாராவது தப்புச் செய்துவிடப் போகிறீர்கள் என்றுதான் இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. கை நிறைய கண்ணாடி வளையல். அதற்கடுத்த மாதம் வீட்டுக்காரர் சம்பளம் தாமதம், பழைய ஆள் ஒருத்தர் ஒரே ராத்திரி வேலைக்குப் பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்றார். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று போனேன். அம்மா “இன்னாத்துக்குடி இப்போ, வயித்துல புள்ளைய வச்சிக்கினு” என்று வாசல் வரை வந்து கத்தினாள். இருபது வாரத்துக்கு மேல் தொடாமல் இருந்தவள், அன்றைக்கு ஒரு மணிக்கு இடுப்பு விட்டுப்போனபோது தொட்டேன். வளையல் சத்தம் கேட்கக் கூடாது என்று கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இதைவிடக் கேவலமான ஒரு நினைவு என்னிடம் இல்லை.

விடியற்காலை நாலரைக்கு வீட்டில் வயிறு பலகை மாதிரி இறுகியது. பிரசவ வலி விட்டு விட்டு வரும் என்பார்கள், இது விடவே இல்லை. பாத்ரூமில் ரத்தம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து முன்னாலேயே பிரிய ஆரம்பித்திருந்தது. கொக்கைன் எடுப்பவர்களுக்கு அதிகம் வருகிற ஆபத்துகளில் இதுவும் ஒன்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். கர்ப்பிணிக்கு வயிறு இறுகி விடாமல் வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ, காரணம் எதுவாக இருந்தாலும் சரி, ஒரு நிமிடம் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். நான் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற அம்மாவைத் தடுத்து, ஆட்டோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பப் பதிவு, தடுப்பூசி எல்லாம் அரசுப் பக்கம்தான். ஆனால் அங்கே தெரிந்த நர்ஸ்கள் இருப்பார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்துக்கு முதல் விலை அட்மிஷன் அட்வான்ஸ் நாற்பதாயிரம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்குத் தந்தார்களே, அதிலும் பிரசவத்துக்கான தவணை போனது. அப்போது அரசு மருத்துவமனையில் பெற்றால்தான் அது வரும்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பிரஷர் 172க்கு 110 காட்டியது. கர்ப்ப கால ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு அதற்கான வேலையில் இறங்கினார்கள். கொக்கைன் ஏற்றுகிற பிரஷரும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் எல்லா பிரஷர் மருந்தும் அதற்குப் பொருந்தாது, மயக்க மருந்து கொடுப்பவரும் அதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அப்போதுதான் மூன்றாவது முறையாக அந்தக் கேள்வி வந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள். இல்லை என்றேன். “கொஞ்சம் வெளியே இருங்க” என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். கேட்பவர்களிடம் எனக்கு இருக்கிற ஒரே குறை அது. நீங்கள் அந்த நிலையில் இருந்தால், “டாக்டர், உங்ககிட்ட தனியாப் பேசணும்” என்ற நான்கு வார்த்தை போதும்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். 33 வாரம், ஆண் பிள்ளை, ஒரு கிலோ அறுநூற்று நாற்பது கிராம். தலையும் கொஞ்சம் சின்னது என்றார்கள். முதல் நாள் அமைதியாகத்தான் கிடந்தான். இரண்டாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. கை கால் வெடவெடவென்று நடுக்கம். அழுகை என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் அழுகிற அழுகை இல்லை, கம்பியை இழுத்தது மாதிரி உச்ச ஸ்தாயியில் ஒரு சத்தம். வாயில் எதை வைத்தாலும் வெறியோடு சப்புவான், ஆனால் பாலை ஒழுங்காகக் குடிக்கத் தெரியாது. தூங்க வேண்டிய பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தான். வலிப்பா, ரத்தத்தில் கிருமியா, சர்க்கரை இறங்கிவிட்டதா, கால்சியமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தலைக்கு ஸ்கேன். ஆன்டிபயாடிக். மூன்றாம் நாள் காலை, மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிஸ்டர் அவனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். என் உள்ளங்கை அளவு முதுகு.

சாயங்காலம் தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் அந்தக் குழந்தை டாக்டரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காரும்மா. நான் போலீஸுக்கு போன் பண்ணப் போறதில்ல. எனக்குத் தேதிதான் வேணும், கடைசியா எப்போ எடுத்த?” என்றார். பிறகு, சிகரெட் உண்டா, மது உண்டா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். “நேத்தே சொல்லியிருந்தா ஊசியே போட்டிருக்க மாட்டோம்னு சொல்ல முடியாது, குறைமாசப் புள்ளை, சில டெஸ்ட் எப்படியும் எடுத்திருப்போம். ஆனா பாதியாவது குறைஞ்சிருக்கும்” என்றார். அந்தப் பாதி எது என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் விளக்கியதில் முக்கியமானதைச் சொல்கிறேன். அபின் வகைக்குப் பழகிய தாயின் பிள்ளைக்குப் பிறந்த பிறகு மருந்து நின்றுபோவதால் ஏற்படும் அவதி வரும், சில பிள்ளைகளுக்கு அதற்கு மார்ஃபின் என்ற சொட்டு மருந்து வரை கொடுக்க வேண்டியிருக்கும். கொக்கைனில் அந்த அளவுக்கு நிச்சயமான விலகல் நோய் கிடையாது. உடம்பில் மிச்சமிருக்கும் பொருள் நரம்பைச் சீண்டுவதால் வரும் நடுக்கமும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு மூன்றாம் நாளில் தெரிந்து, மெல்லத் தணியும். பொதுவாகத் தனி மருந்து தேவைப்படாது. நடுங்குகிற கையை மெதுவாகப் பிடித்துக் காட்டினார், நடுக்கம் நின்றது. “பிடிச்சா நின்னா இது நடுக்கம். பிடிச்சும் துடிச்சா அது வலிப்பு, உடனே கூப்பிடணும்” என்றார். பிறகு வீட்டில் எத்தனை ராத்திரி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருப்பேன்!

எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது பால்தான். கொக்கைன் தாய்ப்பாலில் போகும், அதனால் என் உடம்பிலிருந்து முழுதாகப் போகும்வரை கொடுக்கக் கூடாது என்றார்கள். சுரப்பு நின்றுவிடக் கூடாது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சி, வாஷ்பேசினில் ஊற்றினேன். பக்கத்துப் படுக்கைக்காரி, “ஏன்க்கா கொட்டுறீங்க?” என்று கேட்டாள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன், அதுவும் பொய். சிறுநீர் டெஸ்ட் சரியாக வந்து, டாக்டர் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தேன், இனி தொடமாட்டேன் என்ற பேச்சோடு. எப்போது ஆரம்பிக்கலாம் என்று நீங்களாக நாள் கணக்குப் போடாதீர்கள். எடுப்பதை நிறுத்தாதவர்கள் பாலே கொடுக்கக் கூடாது.

ஒன்பது நாளில் பில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். சங்கிலியும் வளையலும் சௌகார்பேட்டை சேட்டுக் கடைக்குப் போயின. வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறேன், சங்கிலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பணம் தீர்ந்த பிறகுதான் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே பதினான்கு நாள், பில் கிடையாது. கூட்டம், கொசு, பெஞ்சில் தூக்கம், எல்லாம் உண்டுதான். ஆனால் கங்காரு மாதிரி பிள்ளையை என் நெஞ்சில் வெறும் தோலோடு சேர்த்துக் கட்டிவிட்டது அங்கேதான். முதல் முறை அப்படிக் கட்டியபோது ஒரு மணி நேரம் நடுங்காமல் தூங்கினான். நான் அசையக்கூட இல்லை, கால் மரத்துப்போய் சிஸ்டர் வந்து தூக்கிவிட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே ஜாஸ்தி. வெளிச்சம் ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தி, கொஞ்சல்கூட ஜாஸ்தி. எங்கள் வீடு ஒரே அறை, பக்கத்து வீட்டு டிவி நம் வீட்டில் ஓடுவது மாதிரி கேட்கும். ஜன்னலுக்குப் பழைய கைலியைக் கட்டி இருட்டாக்கினேன். கையை நெஞ்சோடு மடக்கித் துணியில் இறுக்கமாகச் சுற்றினேன், இடுப்புக்குக் கீழே மட்டும் தளர்வாக. ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்ய வேண்டும். பால் கொடுத்தால் பேச்சு கூடாது, பேசினால் ஆட்டுவது கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, அடுத்தடுத்துத் தும்மல், கொட்டாவி, விக்கல் எல்லாம் ‘போதும் விடு’ என்று பிள்ளை சொல்கிற பாஷை. இது தெரியாமல் நானும் முதல் வாரம் அழ அழ இன்னும் வேகமாக ஆட்டினேன், இன்னும் அழுதான். கை ஓய்ந்து, கோபம் தலைக்கேறுகிற நேரம் வரும். அப்போது பிள்ளையைப் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். குலுக்கி மட்டும் விடாதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் தனித் தொல்லை. பக்கத்து வீட்டு ஆயா வசம்பு உரைத்து நாக்கில் தடவ வந்தது, இன்னொருவர் தேன் கொண்டுவந்தார். இரண்டும் வேண்டாம் என்று எழும்பூரில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாதான் வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரியும். சொன்ன அன்றிலிருந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து, “துன்னு, பால் ஊறும்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பணம் போன இன்னொரு கதையும் உண்டு. பிள்ளைக்கு நான்காம் மாதம் நடந்தபோது பயத்தில் குழந்தைகளுக்கான ஒரு தெரபி சென்டருக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரும், இப்போதே ஆறு மாத பேக்கேஜ் எடுக்காவிட்டால் கை மீறிவிடும் என்றார். அறுபதாயிரம். அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம் கட்டினேன், திரும்பி வரவே இல்லை. எழும்பூரில் ரெவ்யூவுக்குப் போனபோது அழுதுகொண்டே சொன்னேன். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். 1985ல் அமெரிக்காவில் வெறும் 23 பெண்களை வைத்து வந்த ஒரு கட்டுரையிலிருந்து அந்தப் பீதி கிளம்பியது, பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. 2001ல் ஜாமா மருத்துவ இதழில் டெபோரா ஃபிராங்கும் மற்றவர்களும் அதுவரை வந்த நல்ல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மது, சிகரெட், குறைப்பிரசவம், வறுமை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆறு வயது வரை வளர்ச்சியிலோ மொழியிலோ கொக்கைனால் மட்டும் என்று சொல்லும்படி ஒரே சீரான பாதிப்பு தெரியவில்லை. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற டாக்டர் 1989ல் தொடங்கி 224 குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததிலும், கொக்கைனைவிட வறுமைதான் அதிகம் பாதித்தது என்று வந்தது. “அதுக்காக ஒண்ணுமே ஆகாதுன்னு அர்த்தமில்ல” என்றும் சொன்னார். கவனம் நிற்பது, கோபத்தை அடக்குவது இதிலெல்லாம் லேசான சிக்கல் சில பிள்ளைகளுக்கு வரலாம், அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டுரை வந்த காலத்தில் நான் பிறக்கவே இல்லை, ஆனால் அதன் பயத்துக்கு இருபத்தைந்தாயிரம் கட்டியது நான்.

தெரபி வேண்டுமென்றால் அரசின் டிஇஐசி என்கிற ஆரம்பகால இடையீட்டு மையத்தில் இலவசமாகவே கிடைக்கும், குழந்தை மருத்துவரிடம் கேட்டால் அனுப்புவார். இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு முதல் மாதத்துக்குள் விழித்திரை பரிசோதனை, பிறகு காது பரிசோதனை, ஒவ்வொரு ரெவ்யூவிலும் தலைச் சுற்றளவு. வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல், ‘நாலு மாசமாச்சு, கழுத்து நிக்கலையே’ என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன்.

என் கதை கொஞ்சம். கொக்கைனை விடுவதற்கென்று தனி மாத்திரை கிடையாது, கவுன்சிலிங்தான். 14446 என்ற இலவச எண்ணில் பேசி, அவர்கள் சொன்ன வழியில் அரசு மனநலப் பிரிவில் புறநோயாளியாகப் போனேன். சட்டப் பயமும் நான் நினைத்த மாதிரி இல்லை. போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால் தான் எடுத்ததற்கும் சிறிய அளவுக்குமான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது, பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது அவர்கள் கடமை. வீட்டுக்காரரிடம் போனில் சொல்லவில்லை, அவர் இறங்கி வந்த மறுநாள் சொன்னேன். அவர் அன்று பூராவும் காசிமேடு பக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு ராத்திரி வந்தார். எங்களுக்குள் அது இன்னும் முடியவில்லை. அந்தப் பண்ணை வீட்டு நம்பர்களை அழித்துவிட்டேன், ராத்திரி வேலைக்குப் போவதில்லை, வருமானம் பாதியாகிவிட்டது.

பையனுக்கு இப்போது இரண்டேகால் வயது. ஓடுகிறான், ‘ஆயா, பஸ்சு, குடு’ என்று பேசுகிறான். குக்கர் விசில் அடித்தால் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் நைட்டிக்குள் புகுந்துகொள்வான். போன ரெவ்யூவில் அது அதனால்தானா என்று கேட்டேன். “இந்த வயசுல நிறைய புள்ளைங்க பண்ணும்மா, எதனாலன்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. அம்மா இப்போது குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். சோறு வடிக்கிறாள்.